உதரத்துள் ஒளி

புற்றுநோய் என்னும் வியாதி, கைக்குத் தட்டுப்படும் கட்டியாகவோ, ரத்த வாந்தியாகவோ, நாளுக்கு நாள் மெலிந்துபோகும் தேகமாகவோ தன்னை வெளிப்படுத்திக்கொண்ட பிறகு வைத்தியர் அதை அறிந்துகொள்வதில் விசேஷம் ஒன்றும் இல்லை. நோயாளிக்கு எந்தத் துன்பமும் தோன்றாத காலத்தில், உணவுக்குழாயின் அல்லது இரைப்பையின் உட்சவ்வில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு நிறம் சற்றே மாறி நிற்கும் ஓர் இடத்தைக் கண்டு, "இங்கேதான் அது பிறந்துகொண்டிருக்கிறது" என்று சொல்ல முடிவதே அரிய காரியம். அந்த அரிய காரியத்துக்கு உதவும் எண்டோஸ்கோபி என்ற உள்நோக்கு வித்தையின் சரித்திரம் சுமார் இருநூறு ஆண்டுகளுடையது. அதில் முதல் ஒன்றரை நூற்றாண்டு, சரீரத்தின் இருண்ட அறைகளுக்குள் இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிரயத்தனத்திலேயே கழிந்தது. வெளிச்சம் வேண்டிய மட்டும் கிடைத்த பிற்பாடுதான், அதைக் கூட்டிக்கொண்டே போவதைவிட அதிலிருந்து சிலவற்றைக் கழித்துப் பார்ப்பதில் அதிக லாபம் உண்டு என்பது வைத்தியர்களுக்கும் பௌதிக சாஸ்திரிகளுக்கும் மெல்ல விளங்கிற்று.

தொடக்கம் ஒரு மெழுகுவர்த்தியில். ஜெர்மனியில் மைன்ஸ் நகரில் பிறந்து பிராங்க்பர்ட்டில் வைத்தியம் செய்துவந்த பிலிப் போட்ஸினி என்ற இளைஞர், 1806ஆம் ஆண்டில் தகரத்தால் ஒரு பெட்டி செய்து, அதனுள் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி, சுடருக்குப் பின்னால் குழியாடி ஒன்றை வைத்து, அதன் ஒளியைக் குழல் வழியாக உடலின் துவாரங்களுக்குள் செலுத்திப் பார்க்கும் உபகரணத்தை வெளியிட்டார். வியன்னா நகரத்து ராணுவ வைத்தியக் கலாசாலை அதைப் பரீட்சித்துப் பார்த்தது. அந்நகரின் வைத்தியப் பண்டிதர் சபையோ அதை வெறும் வேடிக்கைப் பொருள் என்று ஒதுக்கித் தள்ளிற்று. தம் கருவியை மேம்படுத்த போட்ஸினிக்கு ஆயுளும் இருக்கவில்லை. விஷ ஜுரம் கண்ட நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து, அந்த ஜுரத்துக்கே ஆளாகி, 1809இல் முப்பத்தைந்து வயதில் மாண்டார்.

பாரிஸ் நகரத்து தெஸொர்மோ 1853இல் மெழுகுவர்த்திக்குப் பதிலாகச் சாராயமும் டர்பன்டைனும் கலந்து எரிக்கும் விளக்கை வைத்தார். அந்த விளக்கின் துணையோடு இரைப்பையையே பார்த்துவிடலாம் என்று துணிந்தவர் பிரைபர்க் நகரத்துப் பேராசிரியர் அடால்ப் குஸ்மௌல். 47 சென்டிமீட்டர் நீளமும் 13 மில்லிமீட்டர் தடிப்பும் உடைய நேரான உலோகக் குழாயை விழுங்க எந்த நோயாளி சம்மதிப்பான்? ஆகையால் 1868இல் அவர் வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனைத் தேடிப் பிடித்தார். தலையைப் பின்னால் சாய்த்து வாயையும் தொண்டையையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தத் தெரிந்த அந்த மனிதனுக்குக் குழாய் ஒரு பொருட்டாகவே இல்லை. கத்தி போகும் வழியில் குழாயும் போயிற்று. ஆனால் அவ்வளவு தூரம் போன விளக்கொளி போகப் போக மங்கி, அடியில் ஊறிய திரவத்தில் மறைந்துபோக, பேராசிரியருக்குத் தெளிவாக எதுவும் புலப்படவில்லை. வைத்திய நூல்களில் குஸ்மௌலின் பெயர் நிலைத்திருக்கிறது. மார்பின் எலும்புக்குப் பின்னால் உலோகத்தைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்ற அந்தக் கலைஞனுக்கும் கீர்த்தியில் சரிபாதி கொடுப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

பின்னர் நிட்ஸே என்பவர் விளக்கைக் குழாயின் உள்முனைக்கே கொண்டுபோய், பிளாட்டினக் கம்பியை மின்சாரத்தால் பழுக்கவைத்து, அது உடலைச் சுட்டுவிடாதபடி சுற்றிலும் தண்ணீர் ஓடவிட்டு, மூத்திரப்பையைப் பார்த்தார். 1881இல் மிகுலிச், வியன்னாவின் கருவித் தச்சர் லைட்டருடைய துணையோடு இரைப்பையைப் பார்த்தார். 1932இல் மூனிக் நகரத்து ருடால்ப் ஷிண்ட்லர், கீழ்ப்பாதி மட்டும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் குழாயைக் கேயார்க் வுல்ப் என்ற கருவியாளரைக் கொண்டு செய்வித்தார். அவர் குழாயைச் செலுத்தும்போதெல்லாம் நோயாளியின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டவர் அவருடைய மனைவி கப்ரியேலே. யூத வம்சத்தவராகையால் 1934இல் நாஜிகளின் சிறையைக் கண்ட ஷிண்ட்லர், பிறகு சிகாகோவுக்குப் போய் அந்த வித்தையை அமெரிக்காவுக்குக் கற்பித்தார். ஆயினும் இரைப்பையில் அவர் குழாய் எட்டிப் பார்க்க இயலாத மூலைகள் பல இருந்தன.

அந்த மூலைகளை முதலில் எட்டியது கண் அன்று, காமிரா. யுத்தத்தில் தோற்று நைந்துபோயிருந்த ஜப்பானில், மற்ற எல்லாப் புற்றுகளையும்விட இரைப்பைப் புற்றுநோய்க்கே அதிகம் பேர் பலியாகிக்கொண்டிருந்த காலத்தில், தோக்கியோ பல்கலைக்கழகத்து வைத்தியரான உஜி தாத்ஸுரோ, ஒலிம்பஸ் நிறுவனத்தின் பொறியாளர்களான சுகியுரா முத்ஸுவோ, புகாமி ஷோஜி ஆகியோருடன் சேர்ந்து, விழுங்கத்தக்க காமிராவை 1950இல் செய்து முடித்தார். ஐந்தாறு மில்லிமீட்டர் அகலமே உள்ள படச்சுருளும், சிறு வில்லையும், கணநேரம் மின்னி அணையும் பொடி விளக்கும் ஒரு ரப்பர் குழாயின் முனைக்குள் அடங்கின. வைத்தியர் படம் எடுத்தாரே தவிர, எடுக்கும்போது எதையும் பார்க்கவில்லை என்பதுதான் இக்கருவியின் விசித்திரம். அறையை இருட்டாக்கி வைப்பார்கள். வயிற்றுக்குள் காற்றை ஊதி இரைப்பையை விரிப்பார்கள். விளக்கு மின்னும் கணத்தில் அந்த ஒளி வயிற்றுச் சுவரையும் ஊடுருவி வெளியே தோலின் மேல் மங்கலாகத் தெரியும். தெரிந்த இடத்தைக் கொண்டு, காமிரா இப்பொழுது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று உத்தேசித்து, குழாயைச் சற்றே திருப்பி மறுபடி விளக்கை மின்னவைப்பார்கள். சுருளை வெளியே எடுத்து, கழுவி, பெரிதாக்கிப் பார்க்கும் வரையில் இரைப்பையில் என்ன இருந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது.

இந்தக் குருட்டுப் பழக்கத்திலிருந்து ஒரு பெரும் நன்மை விளைந்தது. குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தவர் பார்த்ததை வார்த்தையால் மட்டுமே பிறருக்குச் சொல்ல முடியும். படமோ மேஜைமேல் கிடக்கும், பத்துப் பேர் கூடிப் பார்க்கலாம், அறுவைச் சிகிச்சையில் நீக்கிய இரைப்பையைப் பக்கத்தில் விரித்துவைத்து, படத்தில் கண்ட மேடு இதுதானா, அந்த வெளுப்பு இதுதானா என்று ஒன்றோடொன்று பொருத்தியும் பார்க்கலாம். ஜப்பானிய வைத்தியர்கள் அதைச் சலியாமல் செய்தார்கள். அதன் பயனாக 1962இல் அந்நாட்டு எண்டோஸ்கோபி சங்கத்தார், ஆரம்ப இரைப்பைப் புற்று என்பது சவ்விலும் அதற்கு அடுத்த அடுக்கிலும் மட்டும் நிற்பது என்று வரையறுத்து, அதன் தோற்றங்களைப் புடைத்து நிற்பது, மேற்பரப்போடு ஒட்டியிருப்பது, குழிந்திருப்பது என்று வகைப்படுத்தி, மேற்பரப்போடு ஒட்டியிருப்பதையும் சற்றே உயர்ந்தது, சமமானது, சற்றே தாழ்ந்தது என்று மூன்றாகப் பிரித்தார்கள். அந்நிலையில் பிடிபட்டுச் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருந்தார்கள். மேலை நாடுகளில் கருவி இருந்தது. எதைத் தேட வேண்டும் என்ற இந்த இலக்கணம் நெடுநாள் வரையில் இல்லை. கருவியைவிட இலக்கணமே அதிகம் பேரைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

குழாயை வளைக்கும் பிரச்சினைக்குத் தீர்வு கண்ணாடி இழையில் இருந்தது. இழையின் ஒரு முனையில் புகும் ஒளி, பக்கச் சுவரில் பட்டுப் பட்டு உள்ளேயே பிரதிபலித்து, இழை எப்படி வளைந்தாலும் மறுமுனைக்குப் போய்ச் சேரும். மூனிக் மாணவர் ஹைன்ரிக் லாம் 1930இலேயே இழைக் கற்றை வழியாக ஒரு விளக்குக் கம்பியின் பிம்பத்தை மங்கலாகக் கடத்திக் காட்டியிருந்தார். 1954இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹாரல்ட் ஹாப்கின்ஸும், பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் இழைக் கற்றை வழியே பிம்பம் செல்வதை 'நேச்சர்' பத்திரிகையில் விளக்கினார்கள். அதைப் படித்துவிட்டு அவர்களைக் காண லண்டனுக்கே போனவர் பேஸில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற வைத்தியர். வெற்றிழைகள் ஒன்றோடொன்று உரசும் இடங்களில் ஒளி கசிந்து ஓடியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹிர்ஷோவிட்ஸுடன் உழைத்த இளங்கலை மாணவர் லாரன்ஸ் கர்ட்டிஸ், ஒருவகைக் கண்ணாடித் தண்டை வேறுவகைக் கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, இரண்டையும் சேர்த்து உருக்கி இழுத்து, 1956 டிசம்பரில் அந்தக் கசிவை நிறுத்தினார். இழுத்த இழையைச் சுற்றிவைக்க அவர்களுக்கு வாய்த்த உருளை, ஓட்ஸ் அடைத்து விற்கும் வட்டமான அட்டைப் பெட்டிதான். 1957 பிப்ரவரியில் ஹிர்ஷோவிட்ஸ் அந்தக் கருவியை முதலில் தாமே விழுங்கிப் பார்த்துவிட்டு, பிறகே நோயாளிக்குக் கொடுத்தார்.

விளக்கு இப்பொழுது உடலுக்கு வெளியே வந்துவிட்டபடியால் சூட்டுக்குப் பயமில்லை. எவ்வளவு பிரகாசமான விளக்கையும் வைக்கலாம். 1983இல் குழாயின் முனையில் மின்னணுக் கண் வந்து சேர, பிம்பம் திரையிலேயே தெரியலாயிற்று. வெளிச்சப் பஞ்சம் தீர்ந்தது. தீர்ந்த பிறகும், உணவுக்குழாயின் இளஞ்சிவப்புச் சவ்வில் சமமாகப் படர்ந்திருக்கும் இளம் புற்று, அதே இளஞ்சிவப்பில் மறைந்து, தேர்ந்த வைத்தியர் கண்ணுக்கும் தப்பிக்கொண்டுதான் இருந்தது. வெள்ளொளியைப் பெருக்கினால் எல்லாம் சேர்ந்தே பிரகாசித்தது, வேற்றுமை பிரகாசிக்கவில்லை.

வேற்றுமையை உண்டாக்க முதலில் கைகொடுத்தது ரசாயனம். பிரெஞ்சு வைத்தியர் லுகோல் 1829இல் கண்டமாலை நோய்க்கென்று செய்துவைத்த அயோடின் கரைசல், உணவுக்குழாயின் ஆரோக்கியமான மேற்செல்களில் உள்ள கிளைகோஜனோடு சேர்ந்து கரும்பழுப்பாக மாறும். புற்றுச் செல்களில் கிளைகோஜன் குறைவாகையால் அந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெளுத்து நிற்கும். வியன்னாவின் ஷில்லர் கர்ப்பப்பை வாயில் கையாண்ட இம்முறை உணவுக்குழாய்க்கும் வந்தது. இரைப்பைக்கோ இண்டிகோ கார்மின் என்ற நீலம். அது செல்லில் ஏறாமல் பள்ளங்களில் தேங்கி, மேடுகளின் வடிவத்தை எடுத்துக் காட்டும். இந்த முறைகள் எளியவை, மலிவானவை, இன்றும் நிலைத்திருப்பவை. ஆனால் அயோடின் தெளித்த நோயாளிக்கு நெஞ்சு எரியும். பரீட்சையின் நேரமும் நீளும். சந்தேகம் உள்ளவர்களுக்குத்தான் தெளிக்கலாமே ஒழிய, வருகிறவர் எல்லோருக்கும் தெளிக்க முடியாது.

சாயமின்றி ஒளியையே சாயமாக்க முடியுமா என்று பார்த்தவர்கள் இருந்தார்கள். லியோன் நகரத்துப் பொலிகார் 1924இல், புறஊதாக்கதிர் விளக்கின் கீழ்ச் சில புற்றுக் கட்டிகள் தாமாகவே சிவப்பாய் ஒளிர்வதைக் கண்டிருந்தார். 1990களின் தொடக்கத்தில் கனடாவின் வான்கூவர் நகரில் ஸ்டீபன் லாம், பிராங்கோ பால்சிச் என்னும் இருவர் நீல லேசர் ஒளியை மூச்சுக்குழாய்க்குள் செலுத்திப் பார்த்தார்கள். நீலம் பட்டதும் சவ்வுக்கு அடியிலுள்ள நார்ப்பொருள் பச்சையாக ஒளிர்ந்து பதில் சொல்லும். மேலே தடித்த புற்றுப் படலம் இருக்குமிடத்தில் அந்தப் பச்சை மங்கும். நுட்பம் அழகானதே, ஆயினும் வெறும் வீக்கமும் பழைய தழும்பும்கூடப் பச்சையை மங்கவைக்குமாதலால், பொய் எச்சரிக்கைகள் மிகுந்து, வைத்தியர்களுக்கு அதன்மேல் இருந்த உற்சாகம் தளர்ந்தது.

இதற்குப் பின் வந்தது, என் மதிப்பில் இந்தச் சரித்திரத்திலேயே மிகவும் எளிமையான யோசனை. புற்று வளர ரத்தம் வேண்டும். ரத்தத்துக்காக அது புதிய தந்துகிகளைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது என்பதை 1971இல் ஜூடா போக்மன் எடுத்துரைத்திருந்தார். அப்படியானால் ரத்தத்தை மட்டும் எடுத்துக் காட்டும் ஒளி எது? ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலத்தை மிகத் தீவிரமாகவும், 540ஐ ஒட்டிய பச்சையை அதைவிடக் குறைவாகவும் விழுங்குகிறது. மேலும், நீலம் திசுவுக்குள் ஆழமாகப் போகாமல் மேற்புறத்திலேயே சிதறித் திரும்புகிறது. பச்சை இன்னும் சற்று ஆழத்துக்குப் போகிறது. சிவப்போ ஆழத்துக்குச் சென்று அங்கிருந்து கலங்கிய வெளிச்சமாகத் திரும்பி, மேற்பரப்பின் நுட்பத்தையெல்லாம் அழித்துவிடுகிறது. ஒலிம்பஸ் நிறுவனத்தின் கோனோ கசுஹிரோ, கஷிவா நகரிலுள்ள தேசியப் புற்றுநோய் வைத்தியசாலையின் சானோ யசுஷி முதலியோருடன் 1999ஆம் ஆண்டிலிருந்து செய்த காரியம், விளக்குக்கும் குழாய்க்கும் இடையே ஒரு வடிகட்டியை வைத்து, சிவப்பை முற்றிலும் நீக்கி, நீலத்திலும் பச்சையிலும் ஒவ்வொரு குறுகிய கீற்றை மட்டும் உள்ளே அனுப்பியதுதான். இதற்குக் குறும்பட்டை ஒளிப்பிம்பம் என்று பெயர், வைத்தியசாலைகளில் என்.பி.ஐ. என்றே வழங்குகிறார்கள். கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் போதும், சாயமும் எரிச்சலும் இல்லாமல் திரை மாறும். ஆழத்து ரத்தக்குழாய்கள் பச்சைநீலமாகப் பின்வாங்க, சவ்வின் மேலுள்ள தந்துகிகள் கபில நிறத்தில் எழுந்து நிற்கும். உணவுக்குழாயில் இளம் புற்றிருக்கும் இடம் கபிலமான திட்டாகத் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் அத்திட்டினுள்ளே, மெல்லிய கொக்கிகளாக இருக்க வேண்டிய தந்துகிகள் பருத்து, முறுகி, ஒன்றுக்கொன்று வேறுபட்டுக் கிடக்கும். அந்த முறுக்கலின் அளவைக் கொண்டு புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கணிக்கும் முறையை இனோவே ஹருஹிரோ வகுத்தார்.

ஏற்கெனவே உணவுக்குழாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 320 பேரை இரு பிரிவாக்கி ஜப்பானில் நடத்திய பரீட்சை 2010இல் வெளியாயிற்று. உணவுக்குழாயின் மேலோட்டமான புற்றுகளில் வெள்ளொளி 100க்கு 55ஐயே கண்டது. குறும்பட்டை ஒளி 97ஐக் கண்டது. தொண்டைப் பகுதியிலோ வெள்ளொளிக்கு அகப்பட்டது 100க்கு 8 மட்டுமே. போட்ஸினியின் மெழுகுவர்த்தியிலிருந்து எத்தனையோ பேர் பாடுபட்டுச் சேர்த்த வெளிச்சத்தின் பெரும்பகுதியை வேண்டாம் என்று தள்ளியதால் கிடைத்த பலன் இது. தள்ளியதற்குக் கூலியும் உண்டு: விசாலமான இரைப்பைக்குள் இந்த ஒளி முதலில் இருண்டே கிடந்தது, பின்வந்த கருவிகளில் விளக்கைப் பலப்படுத்த வேண்டியதாயிற்று.

வடிகட்டி வைத்துப் பார்க்கும் இந்த உபாயத்துக்கு முன்னோடியாக ஒரு நிகழ்ச்சியை நாம் தமிழர் என்ற உரிமையோடு நினைத்துக்கொள்ளலாம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தாவில், சூரிய ஒளியை வில்லையால் குவித்து, ஊதாநீலத்தை மட்டும் விடும் வடிகட்டி வழியாகத் தூய திரவத்துக்குள் செலுத்தி, அந்த ஊதாநீலத்தைத் தடுக்கும் வேறொரு வடிகட்டியைக் கண்ணுக்கு முன் வைத்துப் பார்த்தார்கள். சாதாரணச் சிதறல் மட்டுமே இருந்தால் இருட்டாகத் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தது. மூலக்கூறுகள் ஒளியின் நிறத்தையே மாற்றித் திருப்பி அனுப்பின. எந்த மூலக்கூறு என்பது மாறிய நிறத்தின் அளவிலேயே பதிந்திருக்கிறது. ஆகவே புரதமும் கொழுப்பும் கருவமிலமும் புற்றுத் திசுவில் மாறியிருக்கும் விகிதத்தை, திசுவை வெட்டாமலே, ஒளியைக் கொண்டு கேட்டறியலாம் என்ற ஆசை பிற்காலத்தாருக்கு உண்டாயிற்று. சொல்வது எளிது. சிதறும் ஒளியில் ராமன் வகையைச் சேர்ந்தது லட்சங்களில் ஒரு பங்குகூட இல்லை. திசு தானாக ஒளிரும் ஒளி அதை மூழ்கடிக்கிறது. போதாக்குறைக்கு, ஒளியைச் சுமந்து செல்லும் கண்ணாடி இழையே தன் ராமன் நிறங்களையும் நடுவே கலந்துவிடுகிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் குரலைப் பிரித்துக் கேட்பது போன்ற வேலை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹுவாங் ஜிவெய் என்ற பொறியியல் பேராசிரியரும் அவர் சகாக்களும் எண்டோஸ்கோபின் உட்துவாரத்தில் நுழையும் மெல்லிய சலாகை ஒன்றைச் செய்து, இழையின் சொந்த நிறத்தை வடிகட்டிகளால் தடுத்து, உயிருள்ள மனிதரின் இரைப்பையிலேயே இந்த அளவீட்டை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் சலாகை ஒரு புள்ளியைத்தான் தொட முடியும். எந்தப் புள்ளியைத் தொடவேண்டும் என்று காட்ட, குறும்பட்டை ஒளியைப் போன்ற ஒன்று முன்னால் போயாக வேண்டும்.

இதே காலத்தில் வேறு வழிகளும் முளைத்தன. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்தவர்கள், திரும்பிவரும் ஒளி எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்பதைக் குறுக்கீட்டு முறையால் அளந்து, சவ்வின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டியது போன்ற படமாக்கும் முறையை 1991இல் வெளியிட்டு, 1997இல் அதை எண்டோஸ்கோபுக்குள்ளும் அடக்கினார்கள். செல்லின் கரு பருத்தால் ஒளி சிதறும் விதம் மாறும் என்பதைக் கொண்டு, நெஞ்செரிச்சல்காரர்களுக்கு உண்டாகும் பாரெட் உணவுக்குழாயில் புற்றின் முன்னோடியைத் தேடினவர்களும் அங்கேயே இருந்தார்கள். 2004இல் கீஸ்லிக் என்பவரின் குழு, நுண்பெருக்கியையே குழாயின் முனையில் பொருத்தி, ரத்தக்குழாயில் ஏற்றிய சாயத்தின் ஒளியில் செல்களைக் குடலுக்குள்ளேயே கண்டது. அது நடந்த ஊர் மைன்ஸ், போட்ஸினி பிறந்த அதே ஊர்.

இவ்வளவுக்கும் பிறகு, திசுவைக் கிள்ளி எடுக்கும் பயாப்சி ஒழிந்ததா என்றால், இல்லை. பாரெட் உணவுக்குழாயில் ஒவ்வோர் இரண்டு சென்டிமீட்டருக்கும் நான்கு திசையிலும் கிள்ளி எடுக்க வேண்டும் என்ற விதி இன்னும் நடப்பில் இருக்கிறது. பெருங்குடலில் 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத சிறு முகைகளை (பாலிப்) மட்டுமாவது, ஒளியைக் கொண்டே தரம் பிரித்து, பரிசோதனைச் சாலைக்கு அனுப்பாமல் விடலாமா என்ற கேள்விக்கு, அமெரிக்க எண்டோஸ்கோபி சங்கத்தார் 2011இல் ஓர் அளவுகோல் வைத்தார்கள்: ஒளியைக் கொண்டு செய்த முடிவு பரிசோதனைச் சாலையின் முடிவோடு ஒத்துப்போவது 100க்கு 90 என்ற அளவை எட்டினால் விடலாம். அதற்கென்றே பழகிய நிபுணர்கள் அதை எட்டினார்கள். சாதாரண வைத்தியசாலைகளில் பலர் எட்டவில்லை. ஆகையால் பெரும்பாலான ஊர்களில் இன்றும் முகை ஃபார்மலின் குப்பிக்குள் போகிறது. நோய்க்குறியியலாளர் அதை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, நுண்பெருக்கியில் பார்த்துச் சொல்லும் வரையில் நோயாளி சில நாள் காத்திருக்கிறார்.